மெட்ரோவுக்கும் மீட்டிங்குக்கும் ஒரே இயர்போன் போதுமா?

போதாது என்பதுதான் என் பதில். இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து உச்ச மாடல் வயர்லெஸ் ஒன்று வாங்குவதைவிட, அதைவிடக் குறைந்த செலவில் வயருள்ள நல்ல இன்-இயர் (காதுத் துளைக்குள் நுழைந்து உட்காரும் இயர்போன்) ஒன்றும், நடுத்தர விலை வயர்லெஸ் ஒன்றும் வைத்துக்கொள்வது பெங்களூரு வாழ்க்கைக்குச் சரிவருகிறது. சில வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் என் புழக்கம். வீடு அல்சூரில், ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில் ஐடிபிஎல் டெக் பார்க் பக்கம். 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை முழுசாகத் திறந்ததிலிருந்து போக வர மெட்ரோதான். அதற்கு முன்பு மாரத்தஹள்ளி நெரிசலில் பஸ். ஆபீஸில் பாதி நாள் மீட்டிங்கில் போகும். அவ்வப்போது சேலத்துக்கு இரவுப் பஸ், எப்போதாவது விமானம். உங்கள் நாள் இதற்கு நேர்மாறாக, வீட்டிலேயே வேலை, வெளியே போவதே குறைவு என்றால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

வயருள்ளது ஷூர் எஸ்இ215. புது மாடல் எல்லாம் இல்லை, பத்து வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருப்பது. மேடையில் பாடுபவர்கள் காதில் மாட்டும் மானிட்டர்களின் வழியில் வந்த வடிவம். வயரைக் காதின் மேல் சுற்றிப் போட வேண்டும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். அப்படிச் சுற்றுவதால் ஒரு லாபம் உண்டு: வயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் அவ்வளவாக ஏறாது. வெளிச் சத்தத்தை 37 டெசிபல் வரை தடுக்கும் என்று கம்பெனி சொல்கிறது. பேட்டரி இல்லை, சிப் இல்லை. காதுத் துளையை ரப்பரோ ஃபோமோ இறுக்கமாக அடைக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இந்த வித்தை புதிதும் அல்ல. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 என்ற இன்-இயர் 1991-இலேயே மூன்றடுக்கு ரப்பரோடு வந்துவிட்டது.

நாய்ஸ் கேன்சலிங் வேண்டாமா என்று கேட்பார்கள். என் வயர்லெஸ்ஸில் அது இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் எதற்கு வேலை செய்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். வெளிச் சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் மோத விடுவதுதான் அதன் வேலை. மாறாமல் ஓடும் கீழ்ச்சுருதிச் சத்தங்களுக்கு இது பிரமாதம்: விமான எஞ்சின், வால்வோ பஸ்ஸின் உறுமல், ஆபீஸ் ஏசி. திடீரென்று வரும் ஹாரன், அழும் குழந்தை, பக்கத்து சீட்காரர் ஸ்பீக்கரில் வைத்திருக்கும் ரீல்ஸ் என்று மேல்சுருதிக்குப் போகப் போக அதன் கை தளர்ந்துவிடும். அங்கே காப்பாற்றுவது ரப்பரின் அடைப்புதான். ஆட்டோவில் போகும்போது இன்னொரு வேடிக்கை. காற்று நேராக மைக்கில் அடிக்க, கேன்சலிங்கே ஒரு இரைச்சலை உண்டாக்கும். ஆட்டோ ஏறியதும் நான் அதை அணைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை மெஜஸ்டிக் போகும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். எம்ஜி ரோடு வரை ரயில் மேலே ஓடுகிறது. கப்பன் பார்க் வரும்போது சுரங்கத்துக்குள் இறங்கிவிடும், சக்கரச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிப் பெட்டி முழுக்க நிறையும். வயர்லெஸ்ஸில் அங்கே தானாக விரல் வால்யூம் பட்டனுக்குப் போகும். ஷூரில் போவதில்லை. இது வெறும் சுகம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவும் 2019-இல் வெளியிட்ட வரையறையில் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதுதான் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், 83-க்கு 20 மணி நேரம்தான். தினமும் போக வர இயர்போன், நடுவில் மீட்டிங்கிலும் இயர்போன் என்று வாழ்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இயர்போன் முனையில் மாட்டும் ரப்பர் டிப்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) எத்தனை மில்லிமீட்டர், பேஸ், அதாவது கீழ்ச்சுருதி, எப்படி என்று மணிக்கணக்கில் பார்ப்பவர்கள் பெட்டியில் வரும் மூன்று அளவு டிப்ஸையும் மாட்டிப் பார்ப்பதே இல்லை. நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும், அதோடு சரி. எனக்கு வலது காதுக்கு நடு அளவு, இடதுக்குப் பெரிய அளவு. பலருக்கு இப்படித்தான் இரண்டு காதும் ஒன்றுபோல இருக்காது. அடைப்பு சரியா என்று பார்க்க என் வழி இது: ஏதாவது கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனத்தை, அதாவது தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதியை, ஓடவிட்டு மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது கனத்த ஒலி தரும் இடது பக்கத்தை, கவனிப்பேன். வலது பக்கமான வலந்தலையின் சத்தம் எந்த மட்டமான இயர்போனிலும் கேட்கும். தொப்பியில் கை இழுபடும் அந்தக் கும்கி, அடைப்பு ஒரு மயிரிழை விலகினாலும் காணாமல் போய்விடும். தாடையை அசைத்து, தலையைத் திருப்பி, அப்போதும் கும்கி நிற்கிறதென்றால் டிப்ஸ் சரி. பேஸ் இல்லை என்று குறை சொல்லி விற்கப்படும் பல இயர்போன்களுக்குத் தேவை வேறு டிப்ஸ்தான். ஸ்பின்ஃபிட், கம்ப்ளை மாதிரி டிப்ஸ் தனியாகவே கிடைக்கின்றன. ஃபோம் டிப்ஸ் அடைப்பதில் கெட்டி, ஆயுளில் சொத்தை. வியர்வையும் காது மெழுகும் ஏறி சில மாதத்தில் உப்பாமல் போய்விடும். அதைச் செலவாகவே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். காதுக்குள் போகிற பொருள் என்பதால் பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள், முடிந்தால் நண்பர்களுடையதைத் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இறுக்கமான அடைப்புக்குத் தொல்லையும் உண்டு. நம் குரலே மண்டைக்குள் முழங்கும், நடந்தால் காலடி கேட்கும், முறுக்கு தின்றால் வேறு எதுவும் கேட்காது. அறிவிப்பும் காதில் விழாது. மெட்ரோவில் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். இரவுப் பஸ்ஸில் கண்டக்டர் கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி என்று கத்துவது கேட்காமல் தூங்கிப் போனால் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதை மாட்டவே கூடாது. தூக்கத்துக்கு மட்டும் ஷூரின் தட்டையான உடல் ரொம்ப வசதி, ஒருக்களித்துப் படுத்தாலும் காதில் குத்துவதில்லை.

இனி வேலை. இங்கேதான் வயர்லெஸ்ஸின் விலைக்கும் அது தரும் பலனுக்கும் சம்பந்தம் அறுகிறது. வாங்கிய புதிதில் பாட்டு அருமையாகக் கேட்கும், லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் எல்லார் குரலும் மங்கிவிடும். இயர்பட்ஸ் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. பழுது இல்லை. சாதாரண ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறு முறை. பாட்டுக்கான ஏ2டிபி ஒருவழிப் பாதை, அதில் மைக் கிடையாது. மைக் தேவைப்பட்டதும் ஹெச்எஃப்பி முறைக்குத் தாவிவிடும். அங்கே ஸ்டீரியோ போய் மோனோ ஆகிவிடும், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் வராது, பழைய கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்றால் அதிலும் பாதி. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எல்டிஏசி கோடெக், நொடிக்கு 990 கிலோபிட் என்பதெல்லாம் மீட்டிங் நேரத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். ப்ளூடூத்தின் புது ஒலி முறையான எல்இ ஆடியோ, லேப்டாப், இயர்பட்ஸ் இரண்டிலும் இருந்தால் இது தீரும். அது வரும்வரை எளிய வைத்தியம்: மீட்டிங் ஆப்பின் அமைப்பில் ஸ்பீக்கராக இயர்பட்ஸையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். குரல்கள் உடனே தெளிந்துவிடும். அமைதியான அறையில் இது போதும்.

வெளியே இருந்து பேசுவது வேறு கதை. இயர்பட்ஸின் மைக் காதருகே இருக்கிறது, வாயிலிருந்து தூரம். ஒருநாள் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். டீமில் இருக்கும் மதுரைத் தம்பி குறுக்கிட்டார். “அண்ணா, நீங்க சில்க் போர்டுல நிக்கிறீங்கன்னு நல்லாத் தெரியுது. நீங்க பேசுறதுதான் கேக்கல.” காம்பு கீழே நீண்ட வடிவத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைகிறது. வயரில் தொங்கும் மைக் இன்னும் தெளிவு, காலரில் உரசாமல் பார்த்துக்கொண்டால். மல்டிபாயிண்ட், அதாவது லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி, வேலைக்கு வாங்குபவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று.

ஆயுள் விஷயத்தில் என் மனத்தாங்கல் வயர்லெஸ் மீதுதான். பெயர் வேண்டாம், தெரிந்த கம்பெனிதான். இரண்டு வருடம் தாண்டியதும் இடது பக்கம் ஒரு நீண்ட மீட்டிங்கைக்கூடத் தாங்காமல் அணையத் தொடங்கியது. சர்வீஸில் பேட்டரி மாற்றும் பேச்சே இல்லை, தள்ளுபடியில் புது செட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உள்ளே இருப்பது துளியூண்டு லித்தியம் பேட்டரி, ஏழாயிரம் ரூபாய் மாடலிலும் அதேதான், முப்பதாயிரம் மாடலிலும் அதேதான். தினம் சார்ஜ் ஏறி இறங்கி அது தேய்வதை விலை தடுப்பதில்லை. ஷூரின் வயர் ஒருமுறை பை ஜிப்பில் சிக்கி அறுந்தது. வயர் கழற்றி மாட்டும் எம்எம்சிஎக்ஸ் வகை என்பதால் சில நூறு ரூபாயில் வேறு வயர் போட்டேன், முடிந்தது. ஷூர் அளவுக்குச் செலவு வேண்டாம் என்றால் இரண்டாயிரம் ரூபாய் அளவில் மூன்டிராப் சூ 2 மாதிரி சீன இன்-இயர்கள் இருக்கின்றன, அதிலும் வயரைக் கழற்றலாம். போனில் ஜாக் இல்லாதவர்கள் டைப்-சி டாங்கிள் வாங்கும்போது உள்ளே டேக் சிப் (போனின் டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு டாங்கிள்கள் பல போன்களில் சத்தமே தராது.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் உடனே புதிது தேடாதீர்கள். பெரும்பாலும் இயர்போன் வாயில் இருக்கும் சின்ன வலையில் காது மெழுகு அடைத்திருக்கும். டிப்ஸைக் கழற்றி, வாய் கீழே பார்க்கப் பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஊசி வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

இந்த வயர்லெஸ் ஜோடி முழுசாகப் படுத்ததும் அடுத்து என்ன என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபேர்போன் கம்பெனி 2024-இல் ஃபேர்பட்ஸ் என்று ஒன்று விட்டது, காதில் மாட்டும் துண்டிலும் கேஸிலும் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். அந்த மாதிரி ஒன்று பிரிகேட் ரோட்டுக் கடையில் கைக்குக் கிடைக்கும்வரை, வயர்லெஸ்ஸுக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுப்பதாக இல்லை.