அம்மாவைத் தொரையாக்கிய விசாக் கடை

மலையகத்து ஹட்டன் டவுனில் ஐரோப்பா விசா செய்து தருகிறோம் என்று போர்டு மாட்டிய ஒரு கடைக்குப் போய், காசும் கொடுத்து, கடைசியில் பாதி வேலையை நானே செய்து முடித்த கதை இது. கடையின் பேரைச் சொல்லப் போவதில்லை, ஊர் சின்னது, நாளைக்கும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும். மார்க் போடச் சொன்னால் பத்துக்கு நாலு, அந்த நாலும் கடைக்காரருக்கு இல்லை, உள்ளே மூலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு.

விஷயம் இதுதான். தங்கச்சி கல்யாணம் முடித்துப் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. அம்மா பேரனைப் பார்க்க வேண்டும் என்றார். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர், அதுவரைக்கும் கொழும்பைத் தாண்டியதில்லை. தனியாக அனுப்ப முடியாது, நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், லீவோடு சேர்த்து நானும் போவதாக முடிவானது. கண்டிக்குப் போய் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தது வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கப்புறம்தான் இந்தக் கடை.

உள்ளே போனதும் பிளேன்டீ கொடுத்து நல்லாத்தான் கவனித்தார்கள். கவுண்டரில் இருந்த தம்பி, ஆளுக்கு நாற்பதாயிரம் சேவைக் கட்டணம், மீதியை எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சேர் என்றார். இந்த நாற்பதாயிரத்தில் விசாக் கட்டணம் அடங்குமா என்று கேட்டேன். அது வேற சேர் என்றார். சரி, அது எவ்வளவு என்றால் அவருக்கே நிச்சயமில்லை, எண்பது யூரோ என்றார். 2024 ஜூன் 11 இலிருந்து பெரியவர்களுக்குத் தொண்ணூறு யூரோ, ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை நாற்பத்தைந்து, அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. நம் காசில் ஒருவருக்கே முப்பதாயிரத்தைத் தாண்டும், விசா கிடைக்காவிட்டால் திரும்பி வராத காசு. அதோடு கொழும்பில் விண்ணப்பம் வாங்கும் மையத்தின் கட்டணம் தனி. இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இந்த ஒரு விலை தெரியாமல் இருந்ததைப் பார்த்து அன்றைக்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. ஏன் என்றால் அந்த மூலை மேசை.

அம்மாவின் பேர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், கல்யாணப் பதிவில் மாரியம்மா. நம்மாட்களுக்கு இது புதுசில்லை, தோட்டத்தில் ஒருவர் சொல்ல இன்னொருவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பேர்கள்தானே எல்லாம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பேர் நாலாவது விதம். தாய்க்கும் மகளுக்கும் உறவு இருக்கிறது என்று காட்ட வேண்டிய இடத்திலேயே பேர் இடிக்கிறது. அந்த அக்கா எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பிழை ஒண்ணும் இல்ல தம்பி, ஆள் ஒண்ணுதான்னு ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுருவம், சமாதான நீதவான்கிட்ட ஒப்பம் வாங்குங்க, நான் எல்லாத்தையும் பாஸ்போர்ட்டுல உள்ள எழுத்துக்கே பொருத்தி இங்கிலீசுல மாத்தித் தாரேன், பழைய எழுத்து என்னங்கிறதையும் குறிப்பாப் போட்டுருவேன்" என்றார். பக்கத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருடைய முத்திரையோடு ஆறு பக்கம், மூன்று நாளில் கையில். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கொழும்பில் கவுண்டரில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி மற்றப் பக்கம்.

முதலில் காசு விஷயம். அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் இருந்தது சேமலாப நிதி வந்ததில் செலவு போக மிஞ்சியது, இரண்டு லட்சத்துச் சொச்சம். அதைப் பார்த்த தம்பி உதட்டைப் பிதுக்கிவிட்டு, பதினைந்து லட்சம் ஒரு வாரத்துக்குக் கணக்கில் போட்டுக் காட்டலாம், நம்மகிட்டயே ஆள் இருக்கு, வட்டி மட்டும் கொடுத்தால் போதும் என்றார். மூன்று மாதக் கணக்கில் இரண்டு லட்சமாகவே கிடந்துவிட்டு விண்ணப்பம் கொடுக்கும் வாரம் திடீரென்று பதினேழு லட்சமானால் பார்க்கிறவருக்குக் கண் இல்லையா? உண்மையில் எங்களுக்கு அவ்வளவு காசு தேவையே இல்லை. பிரான்ஸில் ஹோட்டல் முன்பதிவோடு போகிறவர் நாளொன்றுக்கு அறுபத்தைந்து யூரோ கையிருப்புக் காட்ட வேண்டும், எந்த இடமும் பதிவு செய்யாதவர் நூற்றிருபது, சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவருக்கு அதற்குரிய கடிதம் இருந்தால் முப்பத்திரண்டரை. இந்தக் கணக்கைத் தங்கச்சிதான் தேடிச் சொன்னாள், கடையில் யாரும் சொல்லவில்லை. நான் என் சம்பளச் சீட்டையும் தங்கச்சி தன் வருமானக் கடதாசிகளையும் வைத்தோம், அம்மாவின் புத்தகத்தை இருந்தபடியே வைத்தோம்.

அந்தக் கடிதம் என்று சொன்னேனே, அதைத் தங்கச்சி அவள் ஊர் மெரியில், அதாவது அங்குள்ள நகரசபையில், வீட்டுக் கடதாசி, சம்பளக் கடதாசி எல்லாம் காட்டி முத்திரைக் கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். கடைத் தம்பி சொன்னது, ஒன்று போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. இரண்டுமே பிழை. புருஷன் பெண்சாதியும் சின்னப் பிள்ளைகளும் என்றால் ஒரே கடிதத்தில் வரலாம், அம்மாவும் வளர்ந்த மகனும் என்றால் தனித்தனி. அதோடு அசல்தான் வேண்டும். தங்கச்சி மெரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டும் எடுத்துக் கூரியரில் போட்டாள். கடையை நம்பியிருந்தால் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்திருப்போம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு வைக்க அறிமுகக் கடிதம் ஒன்று அவர்களே எழுதித் தருவார்கள், அதுவும் நாற்பதாயிரத்துக்குள் அடக்கம். கொண்டுவந்து கொடுத்ததை வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறேன், அம்மா ஓய்வுபெற்ற தோட்ட முகாமையாளர் என்று போட்டிருக்கிறது. தேயிலைத் துறையில் நீண்டகால நிர்வாக அனுபவம் உள்ளவராம். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், கடைசி காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும். "என்னையத் தொரையாக்கிட்டானா அந்தப் பய? இத முன்னாடியே செஞ்சிருந்தா மழையில கொழுந்துக் கூடையச் சுமந்திருக்க மாட்டேனே."

சிரிப்பு ஒரு பக்கம். இது விளையாட்டில்லை. பொய்த் தகவல், பொய்க் கடதாசி என்று பட்டால் விசாவை மறுக்க அதுவே போதும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது முந்தின விண்ணப்பம் அவர்கள் கணினியில் அப்படியே கிடக்கும். மறுநாள் தம்பியிடம் கேட்டால், எல்லாருக்கும் அப்படித்தான் சேர் போடுவம், கூலித் தொழிலாளின்னா விசா குத்த மாட்டான் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மிச்சக் காசைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அன்றிரவே நானே கடிதம் எழுதினேன். ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளி, பேரனைப் பார்க்கப் போகிறார், முப்பது நாளில் மகனோடு திரும்பி வருவார், மகனுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும் தேதி இது, விடுமுறை அனுமதிக் கடிதம் இது. ஒரு பக்கம்கூட வரவில்லை. அவர்கள் பயப்படுவது நாம் திரும்பி வர மாட்டோமோ என்றுதான், தொழிலாளியா தொரையா என்றில்லை.

விண்ணப்பத்தைப் பிரான்ஸ் அரசாங்கத்தின் விசாத் தளத்தில் நாமே நிரப்பி அச்செடுக்கலாம், காசு கேட்பதில்லை. கடையில் செய்வதும் அதே தளத்தில் அதே கட்டங்களை நிரப்புவதுதான். ஒரு மாலை உட்கார்ந்தால் முடியும், கரண்ட் போகாமல் இருந்தால்.

அப்புறம் எட்டியாஸ் என்று சொல்லி ஆளுக்கு எட்டாயிரம் மேலதிகமாகக் கேட்டார்கள். இதை யாரும் கொடுத்துவிடாதீர்கள். எட்டியாஸ் விசா இல்லாமலே ஐரோப்பாவுக்குப் போகக்கூடிய நாட்டுக்காரர்களுக்கான அனுமதி, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டும் என்பதால் நமக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 2025 அக்டோபர் 12 அன்று எல்லையில் புதிதாகத் தொடங்கியது வேறொன்று, பாஸ்போர்ட்டில் சீல் குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படமெடுத்து வரவையும் போக்கையும் கணினியில் பதிகிற முறை. அதற்கு முன்கூட்டி விண்ணப்பமும் இல்லை, காசும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டார்களா, தெரிந்தே கேட்டார்களா என்று அவர்கள் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

காப்புறுதியையும் அவர்களே எடுத்துத் தந்தார்கள். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள், அதாவது இந்த ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், முழுவதற்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும் என்பது விதி. தொகை சரி. தேதி? நாங்கள் பிறகு மாற்றிய டிக்கட் முன்பதிவைக் கவனிக்காமல் பழைய தேதிக்கே எடுத்திருக்கிறார்கள், கடைசி நாலு நாளுக்குக் காப்புறுதியே இல்லை. நான் இதைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா, நடுராத்திரி பஸ்ஸில், கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கல வளைவுகளில், அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருக்க, போன் வெளிச்சத்தில் ஃபைலைப் புரட்டியபோது. விடிந்ததும் கொழும்பில் இன்டர்நெட்டும் பிரின்டும் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடை திறக்கும்வரை வாசலில் காத்திருந்து புதிதாக எடுத்து அச்சடித்தோம்.

மையத்தில் நடந்ததை நல்லபடியாகவே சொல்ல வேண்டும். பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும், அம்மாவின் இடது கையில் நாலு விரலுக்கு மெஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துத் தேய்ந்துபோன விரல். அங்கிருந்த பிள்ளை முகம் சுளிக்காமல் ஈரத்துணியால் துடைத்து, தன் கையால் விரலை அழுத்திப் பிடித்து, ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ பச்சை வந்தது. எப்படியுமே ரேகை எடுக்க முடியாதவர்களுக்கு விதியில் விலக்கு இருக்கிறது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் தேவையில்லை. ஒருமுறை கொடுத்தால் ஐம்பத்தொன்பது மாதத்துக்கு அதையே திரும்பப் பயன்படுத்தலாம், அதனால் அம்மா இரண்டாவது பேரனுக்குப் போகும்போது இந்தப் பாடு இருக்காது என்று நம்புகிறேன்.

பதினேழாம் நாள் இரண்டு பேருக்கும் விசா வந்தது. விதிப்படி பதினைந்து நாள், தேவைப்பட்டால் நாற்பத்தைந்து வரை இழுக்கலாம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம். ஆகவே கடைத் தம்பி சொன்ன "ரெண்டு கிழமை போதும் சேர்" என்பதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கடைக்கு போன் செய்து சொன்னேன், அந்தத் தம்பி வாழ்த்திவிட்டு, ஸ்டிக்கரில் கடைசித் தேதி எதுவோ அதுவரைக்கும் இருக்கலாம் என்றார். இதுவும் பிழை! ஸ்டிக்கரில் "இருந்து", "வரை" என்று இரண்டு தேதி இருக்கும், கீழே நாட்களின் எண்ணிக்கை தனியாக இருக்கும். எங்களுக்குத் தேதிப்படி பார்த்தால் நாற்பத்தைந்து நாள், எண்ணிக்கையில் முப்பதுதான். தங்குவதற்கு எண்ணிக்கைதான் கணக்கு. பயணம் முன்பின் ஆனாலும் சமாளிக்கத்தான் அந்த மேலதிகப் பதினைந்து நாள்.

இன்னொன்று, லண்டனுக்கும் ஒரு எட்டுப் போய் வந்துவிடலாமே என்று ஆசை காட்டினார்கள். பிரித்தானியா ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு வெளியே போனால் திரும்பப் பாரிசுக்குள்ளும் வர முடியாது. கனடாவுக்கோ வேறெங்கோ போகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள், ஐரோப்பாவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் இலங்கையர்களுக்கு விமான நிலைய மாறுதல் விசா வேண்டும், கனடா விசா மாதிரி சில விசாக்கள் கையில் இருந்தால்தான் விலக்கு. டிக்கட் மலிவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

கடையில் மிச்சப் பாதிக் காசைக் கேட்டு இரண்டு தடவை போன் வந்தது, பிறகு வரவில்லை. அம்மா ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. போன கிழமை பக்கத்து லயத்து அக்கா ஒருவர் மகனைப் பார்க்க இத்தாலிக்குப் போகக் கடதாசி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். அதே கடைக்குத்தான் கூட்டிப் போனேன். கவுண்டரைத் திரும்பிப் பார்க்காமல் நேரே மூலை மேசைக்கு. செவ்வாயும் வெள்ளியும் மொழிபெயர்ப்பாளர் அக்கா அங்கே இருக்க மாட்டார், மற்ற நாளில் மத்தியானத்துக்கு முன்னால் போங்கள், அசல் சான்றிதழ்களோடு ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு.