பால் இல்லாத சாக்லேட் என்று சொல்லி 6,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: மதுரைக்காரர்கள் கவனிக்கவும்

மதுரையில் வீட்டிலேயே சாக்லேட் செய்து, ஆன்லைனில் படம் போட்டு ஆர்டர் எடுக்கிற ஒரு கடையில் 6,400 ரூபாயை இழந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று முகூர்த்தம் வரிசையாக வருகிறது, இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். வீகன் சாக்லேட்டை, அதாவது பால் உட்பட உயிரினங்களிடமிருந்து வருகிற எதுவும் சேராத சாக்லேட்டை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என் தங்கச்சி வீட்டில் யாரும் பால் சேர்ப்பதில்லை. தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. கன்றுக்குப் போக வேண்டியதை நாம் எடுப்பது சரியில்லை என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்து பல வருஷம் ஆகிறது. என் மருமகளுக்கு ஐந்து வயது. அவளையும் அப்படித்தான் வளர்க்கிறார்கள். இந்த ஊரில் அப்படி இருப்பது லேசில்லை. ஜிகர்தண்டா குடிக்காத பிள்ளையா என்று கேட்பார்கள். காதுகுத்துக்குக் கிடா வெட்டாமல் எப்படி என்று சம்பந்தி வீட்டில் பெரிய பேச்சு. தங்கச்சி அசையவில்லை. அழகர்கோவிலில் முடி இறக்கி, தேங்காய்ப்பாலில் பொங்கல் வைத்து, மண்டபத்தில் இலைச் சாப்பாடு என்று முடிவானது.

நான் தாய்மாமன். சீர்த் தட்டில் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும், வந்தவர்களுக்குக் கையில் கொடுப்பதும் அவள் கொள்கைக்குப் பொருந்த வேண்டும். அதனால் வீகன் சாக்லேட் கொடுக்கலாம் என்று தீர்மானித்தேன். ‘பால் இல்லாமல் என்ன ருசி இருக்கும்’ என்று கேட்கிற சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆசை.

அந்தக் கடைக்கு நேரிலேயே போனேன். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் திரை போட்ட அறை. நடத்துகிற அம்மா மரியாதையாகத்தான் பேசினார். டார்க் சாக்லேட் என்றாலும் சிலர் பால் பவுடர் கலப்பார்களாமே என்று கேட்டேன். “ஆமாண்ணே, நிறைய பேரு கலக்குறாங்க. நாங்க பொள்ளாச்சியில இருந்து கொக்கோ கொட்டை வாங்கி, நாங்களே வறுத்து அரைக்கிறோம். பால் சாமானே இந்தக் கூரைக்குள்ள வராது” என்றார். சரி, கொக்கோ வெண்ணெய் என்று போட்டிருக்கிறதே, அது என்ன வெண்ணெய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அது மாட்டு வெண்ணெய் இல்லை, கொக்கோ கொட்டையைப் பிழிந்தால் வருகிற கொழுப்பு என்று விளக்கினார். அது உண்மைதான். பிறகு விசாரித்தபோதும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்த ஒரு உண்மையைச் சொல்லித்தான் மற்ற எல்லாப் பொய்யையும் என்னை நம்பவைத்தார். விஷயம் தெரிந்தவர், தங்கச்சி மாதிரியே கவலைப்படுகிறவர் என்று நினைத்தேன். “நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் செய்யுற மாதிரி செஞ்சு தர்றேன்ணே, தைரியமாப் போங்க” என்றார்.

நான்கு துண்டு வைத்த பெட்டி 80 ரூபாய். 80 பெட்டி. மொத்தம் 6,400 ரூபாய், முழுவதும் முன்பணம். கைபேசியிலேயே அனுப்பினேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் ‘சாக்லேட் 6,400’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பெட்டி மேல் ஒரு இலைப் படம், ‘100% வீகன்’ என்று அச்சு. பொருட்பட்டியல் இல்லை, உரிம எண் இல்லை.

காதுகுத்து அன்று வெயில் கொளுத்தியது. மண்டபத்தில் மின்விசிறி மட்டும்தான். மத்தியானம் வரை தட்டில் இருந்த சாக்லேட் கொஞ்சமும் இளகவில்லை. வந்தவர்கள் பாராட்டினார்கள். மாப்பிள்ளைதான் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ‘கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்குமே மாமா, இது என்ன இப்படி நிக்குது’ என்றார். அப்போது விசேஷ மும்முரம், அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

சாயங்காலம் காலி அட்டைப்பெட்டிகளை மடக்கும்போது ஒன்றின் அடியில், குலுங்காமல் இருக்க, கசக்கி வைத்த பிளாஸ்டிக் உறை கிடந்தது. டார்க் காம்பவுண்ட் ஸ்லாப்பின் உறை, அதாவது கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்து, உருக்கி அச்சில் ஊற்றத் தயாராக விற்கிற சாக்லேட் கட்டியின் உறை. தங்கச்சி அதைப் பிரித்து வாசித்தாள். சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கொக்கோ தூள், பால் திடப்பொருள். கீழே தடித்த எழுத்தில் ‘பால், சோயா உள்ளது’. மருமகள் அதற்குள் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தாள். தங்கச்சி என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உறையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட இருந்த பெரியம்மா, “அப்ப இதுவும் பால்தானா? எதுக்குடா இவ்வளவு கூத்து?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது?

உடனே கடைக்குப் போன் செய்தேன். முதலில், ‘அது வேற ஆர்டரோட கவர்ணே, தெரியாம வந்திருக்கும்’ என்றார். பால் சாமானே உள்ளே வராது என்றீர்களே என்று கேட்டதும், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். மறுநாள் நேரில் போனேன். அந்தம்மா இல்லை. அறைத் திரை விலகியிருந்தது. உருக்குகிற பாத்திரம், அச்சுகள், ஒரு ஃபிரிட்ஜ். கொட்டை வறுக்கிற அடுப்போ அரைக்கிற கல்லோ எதுவும் கண்ணில் படவில்லை. வேலை பார்க்கிற பையனிடம் கேட்டேன். “எல்லாத்துக்கும் ஒரே ஸ்லாப்தான் சார், ஸ்டிக்கர்தான் வேற” என்றான். பாவம், அவனுக்கு அதில் என்ன தவறு என்றே தெரியவில்லை.

அதன் பிறகு அந்தம்மாவின் வீட்டுக்காரர் பேசினார். “கொஞ்சூண்டு பால் பவுடர், அதனால யாரும் சாகப் போறதில்ல.” “ஸ்லாப் கவர்ல பச்சைப் புள்ளி இருக்கு பாருங்க, சுத்த சைவம்.” “எல்லாத்தையும் தின்னு முடிச்சுட்டு வந்து காசு கேட்டா எப்படி?” கடைசியாக, அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறாராம். அடுத்த ஆர்டர்! எனக்கு வேண்டியது என் 6,400 ரூபாய், அதோடு தங்கச்சியிடம் ஒரு மன்னிப்பு. அப்படிச் சொன்ன பிறகு போனை எடுப்பதில்லை. அவர்கள் பக்கத்தில் நான் எழுதியதை அழித்துவிட்டார்கள், என்னையும் தடுத்துவிட்டார்கள். ‘100% வீகன்’ படம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்றுக்கூட யாரோ விலை கேட்டிருந்தார்கள்.

கொஞ்சூண்டுதானே என்று சொன்னவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலே ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை அந்த மண்டபத்தில் இருந்திருந்தால், இலைப் படத்தை நம்பி அதற்கும் ஒரு பெட்டி கொடுத்திருப்பேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்காதீர்கள், பால் கலந்ததற்கும் அதே புள்ளிதான். வீகன் உணவுக்கென்று 2022-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சைக் கட்டத்துக்குள் ‘வி’ எழுத்தும் இலையும் உள்ள முத்திரை அதற்குரியது. கடைக்காரர் தானாக அச்சடித்த இலைக்கு ஒரு மதிப்பும் இல்லை. டார்க் என்றாலும் பொருட்பட்டியலை வாசியுங்கள். பால் திடப்பொருள், வே பவுடர், லாக்டோஸ், கேசீன், பட்டர் ஆயில் எல்லாம் பால்தான். கொக்கோ வெண்ணெயும் சோயா லெசித்தினும் செடியிலிருந்து வருபவை, பயப்பட வேண்டாம். பளபளவென்று பூச்சு போட்ட உருண்டை என்றால் பொருட்பட்டியலில் 904 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது ஷெல்லாக், அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. காம்பவுண்ட் எல்லாவற்றிலும் பால் இருக்கும் என்று சொல்லவில்லை, சிலவற்றில் இருக்காது. அதனால் வீட்டில் செய்து விற்கிறவர்களிடம் ஸ்லாப் உறையையே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள். 14 இலக்க உரிம எண்ணும் பொருட்பட்டியலும் பெட்டியில் இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் உறை, துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுக்கிறேன். மீதமிருந்த ஆறு பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இதே மாதிரி ‘100% வீகன்’ பெட்டி மதுரையில் யாராவது வாங்கியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள், திங்கள்கிழமைக்குள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மனுவில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.