சக்ஷன் யூனிட்: இழுவை பிரமாதம், ஆனா அந்த ஹோல்டர்!

புதுசா டென்டல் கிளினிக் போடப்போற ஃப்ரெண்ட் ஒருத்தர், உங்க சக்ஷன் யூனிட்டையே (பல் வைத்தியம் பாக்கறப்ப வாய்ல சேர்ற தண்ணி, எச்சிலை இழுக்கற மெஷின்) நானும் வாங்கலாமான்னு கேட்டாரு. மோட்டார் சீல் மாத்தி சர்வீஸ் முடிஞ்சு இப்பத்தான் வந்திருக்கு, சூட்டோட சூடா எழுதிடறேன்.

இழுவைல குறையே சொல்ல முடியாது. ஏரோட்டர், அதாவது பல்லைக் குடையற வேகமான ட்ரில், ஓடுறப்ப பெரிய சக்ஷன் குழாயோட 8 மில்லிமீட்டர் வாய் இருக்கற முனையை (டிப்) பல்லுக்குப் பக்கத்துல வெச்சா, முகத்துக்கு வர்ற தண்ணிச் சாரல்ல பெரும்பகுதியை அங்கயே இழுத்துடும். சர்வீஸுக்கு அப்புறம் இன்னும் வேகம். அதனால அசிஸ்டென்ட்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, நாக்கு அடியில இருக்கற மெல்லிய சதை டிப்ல ஒட்டிக்கிட்டா பிடுங்கவே கூடாது, குழாய்ல இருக்கற லீவரை மூடி இழுவையை நிறுத்தணும், தானா விட்டுடும், பிடுங்கினா ரத்தம் கட்டிக்கும்.

எனக்கு ஆத்திரமே அந்த சின்ன எச்சில் குழாயோட ஹோல்டர் மேலதான். அதை ரொம்ப உயரத்துல வெச்சிருக்கான், ட்யூபும் குட்டை, பேஷண்ட் சாஞ்சு படுத்தா ட்யூப் வாய்க்கு மேலதான் போகுது. இது அழகு பிரச்சனை இல்லைங்க. ட்யூப் வாயைவிட மேல இருந்தா உள்ள தங்கினது திரும்ப வாய்க்குள்ள இறங்க வாய்ப்பிருக்கு. பெரிய சக்ஷனையும் அதே நேரம் ஓட்டினாலும் அப்படித் திரும்பி வரலாம். எல்லாத்தையும்விட மோசம், "வாயை மூடி உறிஞ்சுங்க"ன்னு பேஷண்ட்கிட்ட சொல்றது. உதட்டை இறுக்கி மூடி உறிஞ்சினா வாய்க்குள்ள அழுத்தம் ட்யூபைவிட குறைஞ்சிடும், உள்ள இருக்கறது பின்னாடி வந்துடும். டிப்பைத்தான் ஆளுக்கு ஆள் மாத்தறோம், ட்யூப் அதேதானே, அதுல முன்னாடி வந்தவரோட எச்சிலும் ரத்தமும் இருக்குமே! அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியோட 2003 வழிகாட்டுதல்லயே உதட்டை மூடச் சொல்லாதீங்கன்னு எழுதியாச்சு, இன்னமும் எத்தனை கிளினிக்ல அதையே சொல்லிட்டிருக்காங்க, கேக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

நாங்க ஒவ்வொரு பேஷண்டுக்கு அப்புறமும் ட்யூப்ல தண்ணி இழுத்து விடறோம், சாயங்காலம் நுரை வராத கிளீனர். அது ட்யூபை சுத்தமா வெக்கும், பின்னாடி வர்றதைத் தடுக்காது.

கம்பெனிக்காரன்கிட்ட ட்யூபை நீளமா குடுங்கன்னு கேட்டா, மாடலே இப்படித்தான்னு சொல்றான். மோட்டாருக்கு முழு மார்க் போடுவேன், ஆனா இந்த யூனிட்டை வாங்குங்கன்னு என் வாயால சொல்லமாட்டேன். ஆர்டர் குடுத்தே ஆகணும்னா, சேர்ல ஒருத்தரைப் படுக்க வெச்சு ட்யூப் வாய்க்குக் கீழ வருதான்னு பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.