பச்சை பெயின்டைப் பார்த்து ஏமாந்தேன்: கோழிக்கூடு செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கொல்லையில் எட்டுக் கோழிகள் வளர்க்கிறேன். பழைய கூடு இற்றுப்போனதால், கூடு செய்வதே தன் தொழில் என்று சொன்ன ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். கோழிகள் அடைய கட்டை, முட்டைப் பெட்டி எல்லாமே புது மரத்தில் என்று பேச்சு. வந்து இறங்கியபோது பளபளவென்று பச்சை பெயின்ட். அதில் மயங்கி மீதிப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

முதல் கோளாறு அன்று சாயங்காலமே தெரிந்தது. கட்டை இரண்டடி உயரத்தில், முட்டைப் பெட்டி மூன்றடி உயரத்தில். இருட்டினால் கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். எட்டும் பெட்டிக்குள் முண்டியடித்து ஏறின. விடிந்து பார்த்தால் பெட்டி முழுக்க எச்சம், அதில் புரண்ட முட்டை. கேட்டதற்கு, "போகப் போகப் பழகிடுங்க" என்றார்.

கட்டையாவது ஒழுங்கா என்றால், துடைப்பக்கட்டை பருமனில் உருண்டையாக ஒன்று. கோழிக்குப் பாதத்தை ஊன்றி உட்கார அகலம் வேண்டும். நாலு விரல் அகலப் பலகையின் ஓரங்களை இழைத்து மழுக்கினால் போதும். நீளமும் ஏமாற்றுத்தான். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. என்று வைத்தால் எட்டுக்கு 160 செ.மீ.யாவது வேண்டும். அளந்து பார்த்தேன், 120.

சரி, நம் கையே நமக்கு உதவி என்று பெட்டியைக் கழற்றித் தாழ இறக்கினேன். கோழிகள் கட்டைக்கு மாறின, ஒன்றைத் தவிர. மூன்றாவது வாரம் கொண்டைகள் வெளுக்க ஆரம்பித்தன. முட்டை பாதியாகக் குறைந்தது. பொழுது சாய்ந்தும் உள்ளே போகாமல் வேலி மேல் நின்றன. தீவனத்தைத்தான் சந்தேகப்பட்டேன், மாற்றியும் பார்த்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி டார்ச்சோடு போய், கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் ரத்தக் கீற்றுகள். கட்டை சுவரில் சேரும் இடத்தைக் கத்தியால் கீறினேன். பச்சைக்கு அடியில் ஒரு பழைய வெள்ளைப் பூச்சு, அதற்கும் அடியில் காய்ந்து இறுகிய எச்சம். ஆணி இருந்த ஓட்டைகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருந்தார். அந்த இடுக்கில் சாம்பல் கொட்டியதுபோல் பூச்சிகள். குடித்தவை சிவப்பாக, குடிக்காதவை சாம்பல் நிறத்தில். வேறு யாரோ கழித்துப்போட்ட கூட்டுக்குப் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்.

இந்தச் சிவப்புப் பேன் பகலில் விரிசலில் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழியே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் பழைய மரம் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

போன் செய்தால், "உங்க கோழிங்ககிட்ட இருந்து வந்திருக்கும்" என்று என் மேலேயே திருப்பினார். தனிக் கூலிக்கு மருந்தடிக்க ஓர் ஆளையும் அனுப்பினார். அந்த ஆள் கட்டையைக் கழற்றவில்லை, எச்சத்தைச் சுரண்டவில்லை. மேலாகப் பத்து நிமிடம் அடித்துவிட்டு, ஒரு தடவையே போதும் என்று போய்விட்டார். பேனின் முட்டைகளுக்கு மருந்து ஏறாது. வெயில் காலத்தில் அவை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரமே போதும். அதற்குள் இன்னொரு தடவை அடித்திருக்க வேண்டும். எட்டாம் நாள் பழைய கதைதான். அதன்பின் கூடு செய்தவர் என் போனை எடுக்கவில்லை.

நீங்கள் யாரிடமாவது செய்யச் சொன்னால், பெயின்ட் அடிக்கும் முன் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டையை ஆணி அடித்து இறுக்க விடாதீர்கள். தூக்கி எடுக்கிற மாதிரி, மரத்தில் வெட்டிய பள்ளத்தில் (காடியில்) உட்கார வேண்டும், பூச்சி குடியேறுவதே அந்த இரண்டு முனைகளில்தான். அடியில் எச்சம் விழ ஒரு பலகை வைத்தால் தினமும் வழித்தெடுக்கலாம். சுரண்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி லேசுப்பட்டதல்ல.

பச்சை பெயின்ட் அடித்த அந்த மரம் முழுவதையும் எரித்துவிட்டேன். இப்போது நானே இழைத்த பலகையில் ஏழு கோழிகள் அடைகின்றன. எட்டாவது மட்டும் இன்னும் முட்டைப் பெட்டியில்தான் போய்ப் படுக்கிறது; தினமும் இருட்டியதும் தூக்கிக் கட்டையில் வைத்துவிட்டு வருகிறேன்.