லீஸ் ஆவணங்களை டிஜிட்டல் ஆக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் சொத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். கடைகளில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. லீஸ் ஒப்பந்தம், திருத்தப் பத்திரம், பிளான், கட்டட உரிமையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று அலமாரி அலமாரியாகக் காகிதம். எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கித் தருவதாக வந்த ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். பண விவகாரம் முடியாததால் பெயரைச் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்லலாம்.

டெமோ அருமையாகத்தான் இருந்தது. கடையின் பெயரைத் தட்டினால் வாடகை, லீஸ் முடியும் தேதி, நோட்டீஸ் கொடுக்கக் கடைசி நாள் எல்லாம் ஒரே திரையில் வந்தன. அவர்களே சோடித்து வைத்திருந்த மாதிரித் தரவு அது என்பது பின்னால்தான் தெரிந்தது. கூலி பக்கக் கணக்கில். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவர், எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேரும் என்று பார்க்க எதற்கு மெனக்கெடப் போகிறார்?

விளைவைக் கேளுங்கள். ஒரு கடையின் லீஸில், ஐந்தாம் ஆண்டு முடிவில் நாங்கள் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிற்பாடு கையெழுத்தான இரண்டு பக்கக் கடிதம் ஒன்று அதை ரத்து செய்து வேறு தேதி சொன்னது. திரையில் ஏறியது பழைய தேதி. கடிதம் ‘இதர’ என்ற ஃபோல்டருக்குள் தூங்கியது. வேறு பல கடைகளில், கையெழுத்துப் போட்ட தேதியையே லீஸ் தொடங்கும் தேதியாகப் பதிந்திருந்தார்கள். கையெழுத்தான பிறகு இடம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், லீஸ் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர் யாருக்கும் தெரியும்.

கோளாறை முதலில் பிடித்தவர் ஆடிட்டர். 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 கணக்கியல் விதிப்படி, வாடகைக்கு எடுத்தவர் தன் லீஸ்களையும் கடன் பொறுப்பாகக் காட்ட வேண்டும். லீஸ் காலம் தப்பானால் அந்தத் தொகையும் தப்பு. அவர் மாதிரிக்கு எடுத்துப் பார்த்த கடைகளிலேயே தேதிகள் அசல் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை.

பிளான்கள் கதை இன்னும் மோசம். எங்கள் பிளான்களில் கடைக்கு உரிய இடத்தைச் சிவப்புக் கோடு சுற்றி நிற்கும். பொது வழிக்கும் சரக்கு இறக்கும் இடத்துக்கும் வேறு நிறம். மொத்தத்தையும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தார்கள். எது நம் எல்லை, எது பொது வழி? எல்லாம் ஒரே கறுப்புக் கோடு. பெரிய தாள்களை ஏ4 அளவுக்குச் சுருக்கியும் விட்டார்கள். மூலையில் 1:100 என்று இருக்கிறது, ஸ்கேலை வைத்து அளந்தால் எதுவும் சரியாக வராது.

சுருக்கம் என்றதும் இன்னொன்று. 2013-ல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மன் கணினி ஆய்வாளர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட பிளானில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 ஆகிவிட்டிருந்தன. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தை ஒட்டிவிடும் ஜேபிஐஜி2 முறைதான் காரணம். பரப்பளவுக் கணக்கில் வாடகை கட்டுபவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. நீங்கள் எந்தச் சுருக்க முறை பயன்படுத்துகிறீர்கள் என்று நாங்கள் வேலை கொடுத்த நிறுவனத்தாரிடம் கேட்டோம். “எல்லாம் ஸ்டாண்டர்டுதான் சார்” என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

சரி, போதும், கோப்புகளைக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் முழு சுயரூபம் தெரிந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் வெறும் எண். எந்த எண் எந்தக் கடை என்ற அட்டவணை அவர்கள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. எக்செல்லில் வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். ஒப்பந்தத்தில் பிடிஎஃப்/ஏ என்று எழுதியிருந்தோம். வந்தவை பாஸ்வேர்டு போட்ட கோப்புகள். நெடுங்காலம் பாதுகாப்பதற்கென்றே வந்த அந்தத் தரநிலை பூட்டுப் போடுவதை அனுமதிப்பதே இல்லை. ஆகவே பாஸ்வேர்டு கேட்கும் கோப்பு வந்தால் வேறு சோதனையே தேவையில்லை, திருப்பி அனுப்பிவிடலாம்.

அசல் காகிதங்களை அழித்துத் தருகிறோம் என்றும் நடுவில் ஒரு யோசனை சொன்னார்கள், அதற்கும் தனிக் காசு. நல்லவேளை, எங்கள் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அசல்களை வைத்துத்தான் இப்போது கடை கடையாகத் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி யாராவது உங்களிடம் வந்தால், அவர்கள் காட்டும் டெமோவைப் பார்க்காதீர்கள். உங்கள் அலமாரியிலேயே சிக்கலான கடை எதுவோ, பல முறை திருத்தி, உரிமையாளர் மாறி, கலர் பிளானோடு இருப்பது, அந்த ஒரு கட்டை எடுத்துக் கொடுங்கள். முடித்த பிறகு அவர்கள் மென்பொருளைத் திறக்காமல், கோப்புகளையும் அட்டவணையையும் மட்டும் ஒரு ஃபோல்டரில் வாங்கிப் பாருங்கள். அதைப் படித்துக் கடைசி நோட்டீஸ் தேதியை உங்கள் ஆள் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நாங்கள் கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்களோ, எங்கள் கோப்புகளைத் தங்கள் சர்வரில் வைத்திருப்பதற்கு மாத வாடகை கேட்டு பில் அனுப்பியிருக்கிறார்கள்.