தொலைந்த ஸ்பேர் சாவி: தேடிப் பார்ப்பதா, பூட்டை மாற்றுவதா?

சாவி வீட்டுக்குள்தான் எங்கோ கிடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், சரி, தேடலாம். முகவரி எழுதிய பையோடு போயிருந்தாலோ, யாரிடம் கொடுத்தோம் என்றே நினைவில்லாவிட்டாலோ காத்திருக்கவே வேண்டாம். இரவில் உள்தாழ்ப்பாள் காக்கும். ஆளில்லாத பகலில் அது உதவாது.

மாற்றுவது என்றதும் செலவை நினைத்துத் தயங்குகிறார்கள். முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. பின் (pin) வகைப் பூட்டில், சாவி நுழையும் பகுதியான சிலிண்டருக்குள் ஸ்பிரிங்கோடு சின்னச் சின்ன பின்கள் வரிசையாக நிற்கும். சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் சிலிண்டரின் உள் உருளை சுழலும். அந்தப் பின்களை மாற்றி அமைத்தாலே, அல்லது சிலிண்டரை மட்டும் மாற்றினாலே, பழைய சாவி செல்லாது. கதவில் புதுத் துளையும் விழாது. இறுகித் தேய்ந்த பூட்டென்றால் மட்டும் முழுதாக மாற்றிவிடுங்கள்.