புளியடிக்குப் போய்க் கதையுங்கோ: ஒட்டுசுட்டான் பக்கத்துத் தவறணை ஒன்று

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கள்ளுத் தவறணை இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. அந்தப் பக்கம் போய் யாரிடம் கேட்டாலும் காட்டிவிடுவார்கள். கள்ளும் நல்லது, கறியும் நல்லது, அதெல்லாம் பிறகு சொல்கிறேன். எனக்கு முதலில் எழுத வேண்டும் போல இருப்பது போன் விஷயத்தில் அவர்கள் வைத்திருக்கும் சட்டத்தைப் பற்றி. வன்னியில் நான் போய் இருந்து குடித்த வேறெந்த இடத்திலும் இதைப் பற்றி ஒருவரும் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

காசு வாங்கும் மேசைக்கு மேலே ஒரு தகரப் பலகை. வெள்ளை அடித்து, நீலப் பெயின்றால் கையால் எழுதியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்க வேண்டாம். சத்தமாக வீடியோ பார்க்க வேண்டாம். கேட்காமல் ஒருவரையும் படம் எடுக்க வேண்டாம். நீளமாகக் கதைக்க இருப்பவர்கள் புளியடிக்குப் போகவும். அதற்குக் கீழே, பிறகு சேர்த்தது போல, கொஞ்சம் சிறிய எழுத்தில் இன்னொரு வரி: யானை, ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேறு என்றால் இருந்த இடத்திலேயே எடுக்கலாம்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோதே எனக்கு இந்த இடம் பிடித்துவிட்டது. அங்கே பின்னேரம் வந்து இருக்கிறவர்களில் பாதிப்பேர் வயல்காரர்கள், கச்சான் போட்டவர்கள். காட்டோரக் காணிகள். பொழுதுபட்டதும் யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று தெரியாது. பக்கத்துக் காணிக்காரன் போன் எடுத்து "அண்ணை, வேலியை முறிச்சுக்கொண்டு வந்திட்டுது" என்று சொன்னால் அந்த நிமிடமே எழும்பி ஓட வேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் ஒரு போகமே போய்விடும், சில நேரம் காவல் கொட்டிலில் படுத்திருக்கிறவனின் உயிரும் போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் போனை அணைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்ல முடியாது. அது தெரிந்த ஒருவர்தான் அந்தப் பலகையை எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தில் சில பப்புகள் இதைவிடக் கடுமையாக நடந்திருக்கின்றன. சாமுவேல் சிமித் என்று யோர்க்சயரில் ஒரு பழைய பியர் வடிசாலை, 1758இல் தொடங்கியது, நிறையப் பப்புகள் வைத்திருக்கிறார்கள். 2004இல் தங்கள் பப்புகளில் பாட்டுப் போடுவதை நிறுத்தினார்கள், 2017இல் தூஷணம் கதைப்பதைத் தடை செய்தார்கள், 2019இல் போனையும் மடிக்கணினியையும் உள்ளே பாவிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கதைக்க வேண்டுமா, வெளியே போய்க் கதை. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துக் கதைக்கிற இடமாகப் பப் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் நியாயம். ஹோவ் என்ற கடற்கரை ஊரில் ஒருவர் 2016இல் தன்னுடைய பாரின் சுவருக்குள் வெள்ளித்தாளும் கூரையில் செப்புக் கம்பியும் வைத்து, சிக்னலே உள்ளே வராமல் செய்துவிட்டார். சிக்னலைக் குழப்புகிற கருவியை அங்கே பாவிப்பது சட்டப்படி குற்றம், ஆனால் சுவரே அலையை மறித்துக்கொண்டால் அதில் குற்றமில்லை என்பதால் அந்த வழி. கென்ற் பக்கத்தில் 2005இல் தொடங்கிய மைக்ரோபப் என்ற சின்னஞ்சிறு கடைகளும் இதே எண்ணத்தில் வந்தவைதான்: ரீவி இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை, பியரும் பேச்சும் மட்டும்.

அவர்கள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வழி அந்த ஊருக்குச் சரி. எங்கள் பக்கம் போர் முடிந்த பிறகுதான் கைபேசி வீட்டுக்கு வீடு வந்தது, வந்தவுடனேயே அது பிள்ளையின் குரலாகவும் யானைக் காவலாகவும் வங்கிச் செய்தியாகவும் ஆகிவிட்டது. கனடாவில் இருக்கிற மகள் வேலைக்கு வெளிக்கிட முன்னர் எடுக்கிற நேரம் இங்கே தகப்பன் தவறணையில் இருக்கிற நேரம். அந்த மனிதனிடம் போய் எடுக்காதே என்று எப்படிச் சொல்வது? எடுக்கலாம், ஆனால் ஸ்பீக்கரில் போட வேண்டாம், புளியடியில் இருந்து கதையுங்கள் என்கிறார்கள் இவர்கள். புளிக்குக் கீழே ஒரு வாங்கும், பழைய லொறி ரயரில் செய்த இரண்டு இருக்கைகளும் போட்டு, ஒரு பல்பும் கட்டியிருக்கிறார்கள். போய்க் கதை என்று சொல்வதோடு நிற்காமல் போய்க் கதைக்க ஒரு நல்ல இடத்தையும் செய்து கொடுத்திருக்கிறார்களே, அதனால்தான் அந்தச் சட்டம் நிற்கிறது. சிக்னலும் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்பது இன்னொரு வசதி.

இப்போது படம் எடுக்கிற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நேரம் நான் அங்கே இருந்தபோது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெடியன், சொந்தக்காரர் இரண்டு பேரோடு வந்திருந்தான். நல்ல பிள்ளை, வந்த உற்சாகம் முகத்தில் தெரிந்தது. பனையோலையில் மடித்த பிளாவில் கள்ளு வந்ததும் போனைத் தூக்கி நேரலை போடத் தொடங்கிவிட்டான். முதலில் பிளா, பிறகு கறிச்சட்டி, அப்புறம் போன் மெல்ல மெல்ல மேசை மேசையாகத் திரும்பியது. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த வயதான ஒருவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். துடைக்கவில்லை, போன் அந்தப் பக்கம் போகும்வரை துவாயைக் கீழே எடுக்கவே இல்லை. கள்ளு கொண்டுபோய் வைக்கிற தம்பி இதைக் கண்டுவிட்டார். கையில் போத்தலோடு நேரே போய், போனுக்கும் மேசைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, உங்கட பிளாவை எடுங்கோ, உங்கட முகத்தை எடுங்கோ, வடிவா எடுங்கோ. இவையின்ர முகம் வேண்டாம். இவைக்கு விருப்பமில்லை." பெடியன் உடனே போனைத் தன் பக்கம் திருப்பிவிட்டான். கோபம் வரவில்லை, வெட்கப்படுத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே தம்பி வந்து, நாளைக்குக் காலையில் வந்தால் சீவுகிறவர் மரத்தில் ஏறுவார், அவரிடம் கேட்டுவிட்டு அதை எடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

தவறணையில் இருக்கிற ஒருவரை வீடியோ எடுத்தால் என்ன நடக்கும் என்று வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னர் அந்த வீடியோ ரொறன்ரோவில் இருக்கிற மைத்துனரின் வட்ஸ்அப்புக்குப் போய்விடும். நாங்கள் அனுப்புகிற காசில் குடிக்கிறாரோ என்று ஒரு கேள்வி வரும். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்ப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்று கூலி வேலை செய்துவிட்டு ஒரு போத்தல் கள்ளுக் குடிக்கிற மனிதருக்கு, குடிகாரன் என்ற பெயரை முன்பின் தெரியாத ஆட்கள் கீழே கருத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதோடு, இது வன்னி. இங்கே இருக்கிறவர்கள் முகாமிலும் சோதனைச் சாவடியிலும் விசாரணை மேசையிலும் படம் எடுக்கப்பட்டவர்கள். பெயர், முகவரி, முகம் என்று திரும்பத் திரும்பக் கொடுத்தவர்கள். கேட்காமல் ஒருவன் போனை நீட்டினால் உடம்பு சுருங்குகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கடையின் பெயரையும் படத்தையும் வலையில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டதும் இதனால்தான். கூட்டம் வந்தால் போனும் சேர்ந்து வரும் என்று முகாமையாளர் சொன்னார்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாரில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். குளிரூட்டி, மெத்தை இருக்கை, எல்லாம் இருக்கிறது. ஒரு மேசையில் டிக்டொக், அடுத்த மேசையில் கிரிக்கெட், மூலையில் ஒருவர் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுச் சண்டை பிடிக்கிறார், போனின் மறுபக்கத்தில் ஒரு அக்கா அழுகிறது எல்லோருக்கும் கேட்கிறது. மற்றவர்கள் கேட்கக் கூடாத ஒன்றை நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பரிமாறுகிறவரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன், வாடிக்கையாளருக்கு ஒன்றும் சொல்ல முடியாது அண்ணை என்றார். நானும் வாடிக்கையாளர்தானே. காசு கொடுத்து இருக்கிற மற்ற ஆட்களின் அமைதிக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் நான் போவதில்லை.

சரி, கள்ளுக்கு வருவோம். பனங்கள்ளு தை பிறந்து ஆனி, ஆடி மட்டும்தான். அந்த மாதங்களில் போனால் அன்று இறக்கியது கிடைக்கும், நேரம் போகப் போகப் புளிப்பும் வேகமும் ஏறும், அதனால் இனிப்பாக வேண்டும் என்கிறவர்கள் வெள்ளெனப் போங்கள். மற்றக் காலத்தில் தென்னங்கள்ளு, அதுவும் குறை சொல்ல முடியாது, ஆனால் பனையின் மணம் அதில் இல்லை. தண்ணீர் கலப்பதில்லை. பிளாஸ்ரிக் கோப்பையில்தான் சாதாரணமாகத் தருவார்கள், பிளா கேட்டால் இருந்தால் தருவார்கள். முத்தையன்கட்டுக் குளத்து மீன் பொரியல் நல்ல மொறுமொறுப்பு, மிளகாய்த்தூள் கொஞ்சம் கூட. பன்றி இறைச்சிப் பிரட்டல் ஞாயிறுகளில் மட்டும், அதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டைச் சம்பலும் எந்த நாளும் உண்டு. விலை நியாயம்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, காசு மேசையில் இருக்கிறவர். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் தன் போனில் சத்தத்தோடு பார்க்கிறார், தலைக்கு மேலே பலகை தொங்குகிறது. வாடிக்கையாளர் அதைக் கண்டால் தானும் ஒன்றைப் போடத்தான் பார்ப்பான். சட்டம் முதலில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு. இதை நான் முகாமையாளரிடமும் சொன்னேன், தலையாட்டினார், மாறுகிறதா பார்க்க வேண்டும்.

அடுத்தது, பலகை தமிழில் மட்டும்தான். வீதி வேலைக்கு, கட்டட வேலைக்கு என்று தெற்கிலிருந்து வந்த சிங்களத் தொழிலாளர்களும் அங்கே வந்து இருக்கிறார்கள். அவர்கள் பாட்டை ஓட விடுவது தெரியாமல்தான், பிறகு கை காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் சங்கடம். சிங்களத்தில் நான்கு வரி எழுதிப் போடுவது பெரிய வேலையில்லை. சார்ஜ் போடவும் இடம் இல்லை. பிளக்கைக் கொடுத்தால் ஆட்கள் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடியற்காலையில் வயலுக்குப் போனவனின் போன் பின்னேரம் செத்துப்போய்க் கிடக்கும், யானைக்காக எடுக்கலாம் என்று எழுதிவிட்டு அந்தப் போனுக்கு உயிர் கொடுக்க மாட்டோம் என்பது பொருந்தவில்லை. காசு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிளக் போட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டுப் போய் இருக்கச் சொல்லலாம், அழைப்பு வந்தால் கூப்பிடலாம். கழிப்பறையும் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

சத்தமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு அங்கே தடை இல்லை. நான்கு பேர் வந்து நான்கு பேரும் குனிந்துகொண்டு இருக்கிற மேசைகளும் உண்டு, எனக்கு அது பார்க்கக் கவலைதான், ஆனால் அதற்கெல்லாம் சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. இந்த இடத்தில் அது குறைவு. பக்கத்து மேசையில் மழை, உரவிலை, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கதை போய்க்கொண்டிருக்கும்போது, காதில் வேறு சத்தம் இல்லாததால் மெல்ல மெல்ல எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு அங்கே கச்சான் விதை பற்றிச் சொன்னதை நான் இப்போதும் பின்பற்றுகிறேன்.

போயா நாளில் பூட்டு, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், அடையாள அட்டையைக் கேட்டே விடுவார்கள். இரவு நேரத்தோடு மூடிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் திரும்பும்போது அதை அங்கேயே நிறுத்திவிட்டு வரலாம், பத்திரமாக இருக்கும். ஓட்டோக்காரர்களின் இலக்கங்கள் காசு மேசைக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கின்றன, அந்த அழைப்பைப் புளியடிக்குப் போகாமல் உள்ளேயிருந்தே எடுக்க விடுவார்கள்.